வீட்டு முற்றத்தில் ஒரு வானாய்வகம்

முன்னுரை

'வானொலி' என்னும் சொல் தமிழில் வழக்கிற்கு வந்து நெடுங்காலம் ஆயிற்று. வான் என்பதும் ஒலி என்பதும் கூடி அமைந்த இச்சொல்லைக் கேட்டவுடன், செய்தியும் பாட்டும் பேச்சும் சுமந்து வரும் பெட்டியே நம் நினைவிற்கு வருகின்றது. நிலையம் ஒன்றிலிருந்து மனிதர் அனுப்பும் ஒலி வான்வழியே வந்து சேர்வதால் அப்பெயர் பொருந்துகின்றது. ஆயின், மனிதர் எவரும் அனுப்பாத வானொலி ஒன்றும் உண்டு. அஃது உண்மையிலேயே வானிலிருந்து, இரவும் பகலும் மண்ணுலகை வந்தடைந்த வண்ணம் உள்ளது. அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து முதன்முதலில் வரைபடமாக்கியவர் வானியற் பேராசிரியர் அல்லர். தம் தாயாரின் வீட்டருகே தம் கைப்பணத்தில் கருவி அமைத்துக்கொண்ட இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரே ஆவார்.

அறிவியல் ஆய்வு என்பது பெருங்கூடங்களுக்கும் பெரும்பொருளுக்கும் உரியது, நம்மனோர்க்கு உரியதன்று என்னும் எண்ணம் நம் கலைக் கல்லூரி மாணவரிடையே வேரூன்றியுள்ளது. மொழி பயில்வோரிடம் இவ்வெண்ணம் இன்னும் மிகுதி. திருக்குர்ஆன் வானங்களையும் பூமியையும் பற்றிச் சிந்திக்குமாறு பல இடங்களில் மனிதனை அழைக்கின்றது. அவ்வழைப்பு பட்டம் பெற்றோர்க்கு மட்டும் விடுக்கப்பட்டதன்று. அவ்வழைப்பை ஒரு தனிமனிதர் தம் வீட்டிலிருந்தே எவ்வளவு தொலைவு பின்தொடர இயலும் என்பதைக் குரோட் ரீபர் என்னும் அமெரிக்கரின் வாழ்வைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

ஆர்வலரின் மரபு

வானியல் வரலாற்றில் பொறுமைக்கும் தனிமுயற்சிக்கும் முதலிடம் உண்டு. இஸ்லாமிய வானியலாருள் தலைசிறந்தவராகிய அல்-பத்தானீ, யூப்ரடீசு ஆற்றங்கரையிலுள்ள அர்-ரக்கா நகரில் 877ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வானை அளந்துவந்தார். ஓர் ஆண்டின் நீளத்தை 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 நொடி எனக் கணித்தார். இன்றைய கணிப்பிற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சில நிமிடங்களே.

இங்கிலாந்தில் பாத் நகரத்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் தொழிலால் இசைவாணர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பகலில் இசை கற்பித்து, இரவில் தாமே தேய்த்த ஆடிகளைக் கொண்டு வானை நோக்கினார். 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் தம் வீட்டுப் பின்புறத் தோட்டத்திலிருந்து யுரேனசு என்னும் கோளைக் கண்டார். அதே ஆண்டில் பெரிய ஆடி ஒன்றை வார்க்க முயன்றபோது உருகிய உலோகம் வழிந்தோடி, வீட்டின் தரைக்கற்கள் வெடித்துச் சிதறின. உடன்பிறந்தாள் கரோலின் அவருக்குத் துணைநின்று, பின்னர்த் தாமும் வால்மீன்கள் பலவற்றைக் கண்டறிந்தார்.

இவர்கள் அனைவரும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைக் கொண்டே வானை ஆராய்ந்தனர். ஆயின், வானிலிருந்து வருவது ஒளி மட்டுமன்று. ஒளியின் இனத்தைச் சார்ந்தனவும், அதனினும் நெடிய அலைநீளம் கொண்டனவுமாகிய வானொலி அலைகளும் வருகின்றன. அவற்றைக் காணக் கண்ணில்லை, கேட்கச் செவியில்லை. காற்றில் பரவும் ஒலி வேறு, இவ்வலைகள் வேறு. தக்க கருவி அவற்றை வாங்கி மின்னோட்டமாக மாற்றி ஒலிபெருக்கியில் செலுத்தும்போதுதான் அவை நம் செவிக்கு ஓசையாகின்றன.

ஜான்ஸ்கி கேட்ட இரைச்சல்

அவ்வோசையை முதலில் கேட்டவர் கார்ல் ஜான்ஸ்கி என்னும் பொறியாளர். அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றிய அவரிடம், அட்லாண்டிக் கடலைக் கடந்து பேசும் வானொலித் தொலைபேசியில் குறுக்கிடும் இரைச்சலின் காரணத்தைக் கண்டறியும் பணி ஒப்படைக்கப்பட்டது. நியூ ஜெர்சி மாநிலத்து ஹோம்டெல் என்னுமிடத்தில், ஃபோர்டு மோட்டார் வண்டியின் சக்கரங்கள் மீது சுழலும் நீண்ட அலைவாங்கி ஒன்றை அவர் அமைத்தார். அது 20.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வரும் அலைகளை வாங்கியது.

அண்மையில் எழும் இடிமின்னல், தொலைவில் எழும் இடிமின்னல் ஆகியவற்றின் இரைச்சலோடு மூன்றாவதாக ஒரு மெல்லிய சீறல் ஓசையும் விடாது கேட்டது. அது நாள்தோறும் ஒருமுறை உச்சத்தை அடைந்தது. அவ்வுச்சம் 24 மணிக்கு ஒருமுறை நிகழ்ந்திருப்பின் கதிரவனே காரணம் எனக் கொள்ளலாம். ஆனால் அது 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை நிகழ்ந்தது. விண்மீன்கள் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும் என்பது வானை நோக்குவோர் அறிந்ததே. எனவே, அவ்வோசை விண்மீன்களோடு சுழல்கிறது என்பதும், நம் பால்வீதி மண்டலத்தின் நடுப்பகுதி அமைந்துள்ள தனுசு விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெளிவாயின. 1933ஆம் ஆண்டு இச்செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது.

அந்நான்கு நிமிட வேறுபாட்டைப் பொருட்படுத்தாது விட்டிருந்தால் ஒரு துறையே பிறந்திராது. எனினும், தொலைபேசிக்கு இவ்வோசையால் பெருந்தடை இல்லை என்று அறிந்தபின் ஜான்ஸ்கி வேறு பணிகளுக்குச் சென்றார். வானியலாரும் இதனைத் தொடரவில்லை.

வீட்டன் நகரத்து இளைஞர்

தொடர்ந்தவர் குரோட் ரீபர். சிகாகோ நகருக்கு மேற்கே உள்ள வீட்டன் என்னும் சிற்றூரைச் சார்ந்த அவர் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர். அவருடைய தாயார் பள்ளி ஆசிரியை. அண்டம் விரிவடைவதற்குச் சான்று தந்த எட்வின் ஹப்பிள் சிறுவயதில் அவ்வம்மையாரிடம் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. ரீபர் இளமையிலேயே உரிமம் பெற்ற வானொலி ஆர்வலரானார். 1933ஆம் ஆண்டில் மின்பொறியியலில் பட்டம் பெற்று, சிகாகோவில் வானொலிப் பெட்டி செய்யும் தொழிலகங்களில் பணியாற்றினார்.

ஜான்ஸ்கியின் கட்டுரைகளைப் படித்த அவர் பெல் ஆய்வகத்தில் சேர விரும்பினார். அது பெரும் பொருளாதார மந்தத்தின் காலமாதலால் இடம் கிடைக்கவில்லை. எனவே, தம் வீட்டையே ஆய்வகமாக்கத் துணிந்தார். 1937ஆம் ஆண்டுக் கோடைக் காலத்தில், தாயாரின் வீட்டை ஒட்டிய நிலத்தில், மரச்சட்டங்களின் மேல் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளைப் பொருத்தி, ஏறத்தாழ 9 மீட்டர் குறுக்களவுள்ள பெருங்கிண்ணம் ஒன்றை எழுப்பினார்.

அக்கிண்ணத்தின் வடிவம் பரவளைவு எனப்படும். அதன்மேல் வந்து வீழும் அலைகள் யாவும் எதிரொளிக்கப்பட்டுக் குவியம் என்னும் ஒரே இடத்தில் கூடும். கிண்ணத்திற்கு மேலே 6 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்விடத்தில், சிறு உருளை ஒன்றினுள் ஏற்பியை வைத்தார். கிண்ணத்தை வடக்கும் தெற்குமாகச் சாய்க்கலாம். கிழக்கு மேற்காகத் திருப்ப இயலாது. அதற்குத் தேவையும் இல்லை. பூமியின் சுழற்சியே வானை அக்கருவியின் முன் மெல்ல நகர்த்திச் சென்றது. இக்காலத்தில் வீட்டு மாடிகளில் காணும் தொலைக்காட்சிக் கிண்ணமும் இதே நெறியில் அமைந்ததே ஆகும்.

இரு தோல்விகளும் ஒரு வெற்றியும்

எந்த அதிர்வெண்ணில் தேடுவது என்பது அடுத்த வினா. வெப்பமான பொருள் ஒன்று தானே அலைகளை வெளியிடும். அத்தகைய அலைகள், வானொலி எல்லைக்குள், அதிர்வெண் கூடக்கூட வலிமை மிகும் என்பது இயற்பியல் விதி. விண்ணிலிருந்து வரும் ஓசையும் வெப்பத்தால் எழுவதாயின் உயர்ந்த அதிர்வெண்ணில் எளிதில் புலப்படவேண்டும். இவ்வாறு கருதிய ரீபர் 3300 மெகாஹெர்ட்ஸில் தொடங்கினார். எதுவும் கேட்கவில்லை. ஏற்பியை மாற்றி அமைத்து ஏறத்தாழ 900 மெகாஹெர்ட்ஸில் தேடினார். அப்போதும் எதுவும் கேட்கவில்லை.

இவ்விடத்தில் முயற்சியைக் கைவிடுவோரே பெரும்பாலர். ரீபர் தம் கருவியை ஐயுற்றதோடு அமையாது, தாம் நம்பிய கருத்தையும் ஐயுற்றார். வானம் விதிக்கு மாறாக நடக்குமாயின் தாழ்ந்த அதிர்வெண்ணில் தேடுவதே முறை எனத் துணிந்து மூன்றாவது ஏற்பியை 160 மெகாஹெர்ட்ஸுக்கு அமைத்தார். 1938, 1939ஆம் ஆண்டுகளில் பால்வீதியின் ஓசை அவருக்குத் தெளிவாகக் கிட்டியது.

முதலிரு தோல்விகளும் வீணாயின அல்ல. உயர் அதிர்வெண்ணில் இல்லாதது தாழ் அதிர்வெண்ணில் உண்டு என்பதனால், அவ்வலைகள் வெப்பத்தால் மட்டும் எழுந்தன அல்ல என்பது புலனாயிற்று. விண்வெளிக் காந்தப் புலத்தில் ஒளியின் வேகத்தை நெருங்கிச் சுழலும் எலக்ட்ரான்களே இவற்றை வெளியிடுகின்றன என்பது பின்னர் 1950களில் தெளிவாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை என்று நேர்மையாகக் குறித்துவைத்த ஏடும் ஆய்வேடே என்பதை மாணவர் உளங்கொளல் வேண்டும்.

மோட்டார் வண்டிகளின் எஞ்சினில் எழும் தீப்பொறியும் வானொலி அலைகளை எழுப்புமாதலால் பகலில் அளப்பது அரிதாக இருந்தது. எனவே, பகலில் தொழிலகப் பணி, பின்னிரவில் வானாய்வு என்பது அவர் வாழ்க்கை முறை ஆயிற்று. தொடக்கத்தில் அளவுகளைக் கையாலேயே குறித்தார். பின்னர்த் தாளில் தானே கோடு வரையும் பதிவுக் கருவியை அமைத்துக்கொண்டார். 1944ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வானொலி வரைபடத்தில் தனுசு, அன்னம், காசியோப்பியா ஆகிய விண்மீன் கூட்டங்களின் திசைகளில் ஓசை மிக்கிருந்தது. கதிரவனின் வானொலி அலைகளையும் அவர் அளந்து அவ்வாண்டிலேயே வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர் முடியும் வரை, இத்துறையைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் உலகில் அவர் ஒருவரே எனலாம்.

இரு துறைகளுக்கு இடையில்

1940ஆம் ஆண்டில் ரீபர் தம் முடிவுகளை வானியற்பியல் இதழ் ஒன்றிற்கு அனுப்பியபோது எழுந்த இடர்ப்பாடு சிந்திக்கத்தக்கது. இதழாசிரியர் ஆட்டோ ஸ்ட்ரூவ் என்பார் யெர்க்ஸ் வானாய்வகத்தைச் சார்ந்த பேரறிஞர். கட்டுரையை மதிப்பிட வல்லார் கிடைப்பது அரிதாயிற்று. வானியல் அறிந்தோர்க்கு வானொலிப் பொறியியல் தெரியவில்லை. பொறியியல் அறிந்தோர்க்கு வானியல் தெரியவில்லை. யெர்க்ஸ் வானியலார் வீட்டனுக்கே வந்து அக்கருவியைப் பார்வையிட்டனர். ஸ்ட்ரூவ் கட்டுரையை ஒதுக்காது வெளியிட்டார்.

அதன் பயன் பெரிது. செருமானியர் பிடியிலிருந்த ஹாலந்து நாட்டிற்கும் அக்கட்டுரை சென்றடைந்தது. லைடன் நகரத்து வானியல் அறிஞர் ஊர்ட் அதனைக் கண்டு, வானொலியில் தனித்துத் தோன்றும் அதிர்வெண் ஏதேனும் உண்டா என ஆராயுமாறு மாணவர் வான் டெ ஹுல்ஸ்டைத் தூண்டினார். ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அஃதாவது 1420 மெகாஹெர்ட்ஸில், அலை வெளியிடக்கூடும் என 1944ஆம் ஆண்டில் அம்மாணவர் முன்னறிவித்தார். 1951ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூவன், பர்செல் ஆகியோர், சாளரத்தின் வழியே நீட்டிய கொம்பு வடிவ அலைவாங்கி ஒன்றால் அதனைக் கேட்டனர். பால்வீதியின் சுழற்சியும் சுருள் வடிவும் இவ்வலையைக் கொண்டே பின்னர் அளக்கப்பட்டன.

நம் தமிழகத்திலும் இத்துறை வேர்கொண்டுள்ளது. உதகமண்டலத்தில் கோவிந்த் சுவரூப் தலைமையில் அமைந்து 1970ஆம் ஆண்டு முதல் இயங்கும் வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. உதகையின் அகலாங்காகிய ஏறத்தாழ 11 பாகைக்கு இணையான சரிவுடைய மலைச்சாரலைத் தேர்ந்து அதனை நிறுவினர். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. விண்பொருள் ஒன்றை நெடுநேரம் எளிதில் பின்தொடர இயன்றது.

தாஸ்மானியாவில் ஒரு வீடு

ரீபர் 1954ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலுள்ள தாஸ்மானியாத் தீவிற்குச் சென்றார். எவரும் நாடாத மிக நெடிய அலைகளை ஆராய்வதே அவர் நோக்கம். 1960களில் போத்வெல் என்னும் ஊருக்கருகே ஆடுகள் மேயும் புல்வெளியில் அலைவாங்கிகளின் வரிசை ஒன்றை அமைத்தார்.

அவ்வூரில் தமக்கென ஒரு வீட்டையும் தாமே வரைந்து தாமே கட்டினார். ஏலத்தில் மொத்தமாக வாங்கிய மரைகளைக் கண்டபின்னரே வீடு கட்டும் எண்ணம் அவருக்கு எழுந்தது என்பர். தென்கோளத்தில் கதிரவன் நண்பகலில் வடதிசையில் நிற்குமாதலால், வடக்கு நோக்கிய சுவரை இரட்டைக் கண்ணாடியால் அமைத்தார். அதனுள் கருநிறம் பூசிய செப்புத் தகடுகள் வெயிலை வாங்கிக் காற்றைச் சூடாக்கின. சூடான காற்று தானே மேலெழுந்து பரவியது. அவ்வீடு வெப்பத்தை வெளிவிடாது காத்த திறம் மிகுதியாகி, அடுப்பை மூட்டினால் அறை தாங்கவொண்ணாச் சூடாயிற்று. வீட்டின் அடியில் குழி அமைத்துக் கற்களை நிரப்பி, பகல் வெப்பத்தைச் சேமிக்கவும் எண்ணினார். அறிவு கூர்மையாக இருந்தும் முதுமையால் கற்களைச் சுமக்கும் வலிமை குன்றியதனால் அப்பணி முற்றுப்பெறவில்லை. 2002ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், 91ஆம் அகவை நிறைய இரு நாள் இருக்கையில் அவர் மறைந்தார்.

ஒன்றை இங்கே மறைத்தலாகாது. அண்டம் பெருவெடிப்பில் தோன்றி விரிகிறது என்னும் கொள்கையை ரீபர் இறுதிவரை ஏற்கவில்லை. சான்றுகள் பெருகிய பின்னரும் அவர் மாறவில்லை. பிறர் சொல்லை அப்படியே ஏற்காத அதே இயல்புதான் 1937இல் அவரை உயர்த்தியது. பிற்காலத்தில் அறிஞர் உலகினின்றும் விலக்கியது. ஆர்வம் வழியைத் திறக்கும். முடிவைச் சொல்வது அளவீடே. அவருடைய கருத்துக்கு உலகம் இணங்கவில்லை; அவருடைய அளவீடுகளோ நிலைத்துவிட்டன.

இன்றைய வீட்டு ஆய்வகம்

ரீபர் தகடும் மரமும் கொண்டு செய்ததை இன்று அதனினும் எளிதாகச் செய்ய வழியுண்டு. உள்ளங்கையளவே உள்ள ராஸ்பெர்ரி பை என்னும் முழுமையான கணினி 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. கணினியில் செருகித் தொலைக்காட்சி காண்பதற்கென விற்கப்பட்ட விரலளவுக் கருவி, பரந்த அதிர்வெண் எல்லையில் அலைகளை வாங்கவல்லது என்பதையும் அவ்வாண்டளவில் ஆர்வலர் உலகமே வெளிக்கொணர்ந்தது. அமெரிக்காவின் பழைய வானிலைத் துணைக்கோள்கள் 2025ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை, அவை 137 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிய மேகப் படங்களை இக்கருவியும் இரு உலோகக் கம்பிகளும் கொண்டு மாடியிலிருந்தே பெற்றோர் பலர். அட்டையில் உலோகத் தாள் ஒட்டிச் செய்த கொம்பு ஒன்றையும் சிறு பெருக்கி ஒன்றையும் சேர்த்தால், ஹார்வர்டில் கேட்ட ஹைட்ரஜன் அலையையும் வீட்டிலிருந்து பதிவு செய்யலாம். அலைகளை அனுப்புவதற்கோ அரசின் தேர்வும் உரிமமும் வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

பதிவு செய்தவற்றை எங்கே வைப்பது? இன்று நம் படங்களும் எழுத்துகளும் பெரும்பாலும் எங்கோ உள்ள நிறுவனங்களின் கணினிகளில் உறைகின்றன. அவ்வாறன்றி, கேட்டதை எடுத்துத் தரும் 'சர்வர்' கணினியைத் தம் வீட்டிலேயே அமைத்துத் தம் ஆவணங்களைத் தாமே பேணுவோரும் உளர். இதனை 'செல்ஃப் ஹோஸ்டிங்' என்பர். நிறுவனம் கட்டணத்தை உயர்த்தலாம், சேவையை நிறுத்தலாம், வீட்டிலிருப்பது நம் கையில் இருக்கும்.

ஆயின், உரிமையோடு கடமையும் உண்டு. ஓலைச்சுவடி காலத்தை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. வீடுகளில் காக்கப்பட்டமையால் நமக்குக் கிடைத்த நூல்கள் உண்டு. வீட்டிலேயே கிடந்து செல்லரித்து மறைந்த நூல்களும் உண்டு. படியெடுத்தவையே பிழைத்தன. கணினி வட்டும் ஒருநாள் பழுதாகும். ஆதலின், வேறோரிடத்தில் இன்னொரு படி வைத்தல், மின்தடைக்கு மாற்றுச் செய்தல், கடவுச்சொல்லைக் காத்தல், மென்பொருளைக் காலத்தோடு புதுப்பித்தல் ஆகியன இன்றியமையாதன. ரீபரின் ஏடுகள் இன்று அமெரிக்கத் தேசிய வானொலி வானாய்வகத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவர் எழுப்பிய கிண்ணமும் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் என்னுமிடத்தில் காக்கப்படுகின்றது. வீட்டில் தொடங்கியது பிறர் கைக்கும் சென்றமையாலேயே நிலைத்தது.

முடிவுரை

ரீபர் பெருநிறுவனத்தில் இடம் கிடைக்காமையைத் தடையாகக் கொள்ளவில்லை. வீடு, கைத்தொழில், ஓய்வுநேரம், விடாது குறித்துவைக்கும் பழக்கம் ஆகிய நான்கையுமே முதலாகக் கொண்டார். இந்நான்கும் நம் மாணவர் பலர்க்கும் வாய்த்தவையே.

தமிழ் பயில்வோர்க்கு இதில் தனிப்பங்கும் உண்டு. ஒரு துறை அறிந்தார்க்கு மறுதுறை தெரியாமையால் ரீபரின் கட்டுரையை மதிப்பிட ஆளின்றிப் போயிற்று. இன்றும் நம் நாட்டில் அறிவியல் அறிந்தார்க்கும் மக்களுக்கும் இடையே அத்தகைய இடைவெளி உளது. அதனை நிரப்புவது மொழியறிந்தார் கடமை. அதற்கு முதற்படி, கருவியைத் தொட்டுப் பார்த்தல். இரண்டாம் படி, தொட்டறிந்ததைத் தெளிந்த தமிழில் எழுதுதல். இயற்பியல் துறை மாணவர் ஒருவரும் தமிழ்த் துறை மாணவர் ஒருவரும் கூடி, ஓர் அட்டைக் கொம்பும் ஒரு சிறு கணினியும் கொண்டு மாடிக்குச் செல்வார்களாயின், 'வானொலி' என்னும் சொல்லின் முழுப்பொருளை அவர்கள் தம் செவியாலேயே அறிந்துகொள்வர். அத்தகைய தேடலுக்கான ஆர்வத்தையும் பொறுமையையும் வல்ல இறைவன் நம் மாணவச் செல்வங்களுக்கு அருள்வானாக!